புது வீட்டு அசதிக்கு வாசலை இடிக்காதீங்க, முதல்ல ஜன்னலைத் திறங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்க வீடு-மனை இணைப்புல வந்த ஒரு கேள்வி பதிலைப் பத்தி எழுதுறேன். புது வீட்டுக்குக் குடி வந்ததுலேர்ந்து காலையில எந்திரிக்கும்போதே அசதியா இருக்கு, தலை கனமா இருக்கு, கண்ணு எரியுது, வீட்டுக்காரருக்கும் அப்படித்தான், ஆனா அம்மா வீட்டுக்குப் போயி நாலு நாள் இருந்தா எல்லாம் சரியாப் போயிடுது, வீடு கட்டுன சாமான்ல ஏதாவது கோளாறா இருக்குமான்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. அதுக்கு உங்க ஜோதிடர் தென்மேற்கு மூலையில குறை இருக்கு, வாசலைத் தள்ளி வைங்க, படுக்குற திசையை மாத்துங்கன்னு பதில் சொல்லியிருக்கார். அவர் தொழிலை நான் குறை சொல்ல வரல, நானே பூஜை போடாம எந்த வேலையும் ஆரம்பிக்கிறதில்ல, ஆனா அந்தம்மா கேட்டது சாமானைப் பத்தி, அதுக்கு ஒரு வரி கூட பதில் இல்லையே.

நான் திருச்சியில வார்ட்ரோப், கிச்சன், ஃபால்ஸ் சீலிங்னு உள் வேலை எடுத்துச் செய்யுற ஆளு, அதுக்கு முன்னாடி ஒரு கான்ட்ராக்டர்கிட்ட சைட் சூப்பர்வைசரா இருந்தவன். டாக்டர் இல்ல. ஆனா எந்தச் சாமான்லேர்ந்து என்ன வருதுன்னு தினம் மூக்குல ஏத்திக்கிறவங்க நாங்கதான். புது வீட்டுச் சாமானால அசதி வருமான்னு கேட்டா, வரும், நல்லாவே வரும். ஆனா ஜனங்க எதைப் பார்த்துப் பயப்படுறாங்களோ அதுலேர்ந்து இல்ல.

சிமெண்ட், எம்சாண்ட், ஃப்ளை ஆஷ் கல்லு, இப்ப எல்லாரும் போடுற ஏஏசி பிளாக்குங்கிற லேசான காங்கிரீட் கல்லு, டைல்ஸ், இதெல்லாம் கலக்கும்போதும் அறுக்கும்போதும் தூசி, அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், அது வேலை செய்யுறவன் பிரச்சனை. செட் ஆகி பூச்சும் போட்டாச்சுன்னா அதுலேர்ந்து ஆளை அசத்துற மாதிரி எதுவும் வராது. கிரானைட்லேர்ந்து கதிர்வீச்சு வருது, அதான் அசதின்னு வாட்ஸ்அப்புல ஒண்ணு சுத்துது. கிரானைட்ல இருந்து ரேடான்னு ஒரு வாயு கொஞ்சூண்டு வரும்ங்கிறது உண்மைதான், அது அளவுக்கு மீறி பல வருஷம் உள்ள போனா நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம், ஆனா அசதிக்கும் தலைவலிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, கிச்சன் மேடையைப் பேத்து எடுக்க வேண்டாம். சிமெண்ட் வேலையில நிஜமா கவனிக்க வேண்டியது தண்ணிதான். காங்கிரீட்லயும் பூச்சுலயும் ஊத்துன தண்ணி எல்லாம் உடனே காஞ்சிடாது, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில பூசுன செவுரு உள்ளுக்குள்ள மாசக்கணக்குல ஈரமா இருக்கும். அது மேல அவசரமா பட்டி போட்டு எமல்ஷன் அடிச்சு, அதை ஒட்டி வார்ட்ரோப்பையும் நிறுத்திட்டா பின்னாடி பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க மூக்கடைப்பு, தும்மல், சரியாத் தூக்கம் வராம காலையில அசதின்னு சொல்ற பல வீட்டுல வார்ட்ரோப்பை நகத்திப் பார்த்தா கறுப்பா படர்ந்து கிடக்கும்.

முக்கியமான ஆளு மரச் சாமான். மரம்னா தேக்கு இல்ல, போர்டு. ப்ளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு எல்லாமே மரத்தைச் சீவி, இல்ல தூளாக்கி, பசை போட்டு அழுத்துனதுதானே, அந்தப் பசை விலை குறைஞ்ச சரக்குல யூரியா ஃபார்மால்டிஹைடு. அதுலேர்ந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டே இருக்கும், மாசக்கணக்குல, சிலதுல வருஷக்கணக்குல. சூடும் ஈரமும் கூடக் கூட அது வர்ற வேகமும் கூடும். முதல்ல கண்ணு, மூக்கு, தொண்டையைத்தான் தாக்கும், கூடவே தலைவலி, அசதின்னும் சொல்லுவாங்க. 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு முதல் பட்டியல்ல சேர்த்துடுச்சு. வீட்டுக்குள்ள இருக்குற காத்துல ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு 2010ல அளவும் சொல்லியிருக்காங்க. நம்ம ஊருல இதை வீட்டுக்குள்ள அளந்து பார்த்தவங்க யாருன்னு கேட்டா நான் வேலை செஞ்ச ஒரு வீட்டுலயும் இல்ல.

சும்மா ஒரு சோதனை செஞ்சு பாருங்க. புதுசா செஞ்ச வார்ட்ரோப்போட கீழ் டிராயரை ராத்திரி மூடி வெச்சுட்டு காலையில இழுத்து முகத்தைக் கிட்ட கொண்டு போங்க, கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா என்ன நடக்குதுன்னு புரியும். வெளிய பளபளன்னு மைக்காங்கிற ஷீட்டை ஒட்டியிருப்போம், உள்ள லைனர் ஷீட்டும் ஒட்டியிருப்போம், ஆனா டிராயரோட அடிப்பலகை, வார்ட்ரோப்போட முதுகு, லாஃப்டோட மேல்பக்கம், ஸ்குரூ போட்ட ஓட்டை, அறுத்த ஓரம், இதெல்லாம் எதுவும் ஒட்டாம பச்சையா விட்டிருப்பாங்க. வாயு வர்றது அங்கேர்ந்துதான். மைக்காவும் ஓரத்துல ஒட்டுற எட்ஜ் பேண்டும் அழகுக்குன்னு நினைக்கிறோம், அது வாயுவை அடைச்சு வைக்கிற மூடியும்தான். ஓனர் வந்து பார்க்குற பக்கத்தை மட்டும் மூடுறது எங்க தொழில்ல சகஜம், சொன்னா எங்க ஆளுங்களே சண்டைக்கு வருவாங்க.

அடுத்தது பாலிஷும் பசையும். மைக்கா ஒட்டுறதுக்கு ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் தடவி கொஞ்ச நேரம் காய விட்டுத்தான் ஒட்டுவோம், அந்த நேரத்துல ரூம்ல நிக்க முடியாது. தலை கிறுகிறுக்கும். பியூ பாலிஷ், மெலமைன், எனாமல் எதுவா இருந்தாலும் தின்னர் கலக்காம அடிக்க முடியாது, தின்னர்ல டொலுயீன், சைலீன் மாதிரி சமாச்சாரம் இருக்கு, அது நேரா மூளை நரம்பைத்தான் மந்தமாக்கும், தலைவலி, கிறுகிறுப்பு, அசதி, தூக்கக் கலக்கம் எல்லாம் அதோட குணம். இதுல ஒரு கொடுமை, பாலிஷ் ஈரமா இருக்கும்போது தூசி வந்து உக்காந்தா ஃபினிஷிங் போயிடும்னு ஜன்னல் கதவு மொத்தத்தையும் மூடித்தான் அடிப்பாங்க. முகத்துல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்குமா என்ன. பாலிஷ் போட்ட அன்னிக்கு எங்க பசங்களுக்கு ராத்திரி சோறு இறங்காது, போய் சுருண்டு படுத்துடுவாங்க. வாழைப்பழம் தின்னா சரியாப் போயிடும்னு ஒரு நம்பிக்கை வேற. வீட்டுக்குக் குடி வர்றவங்க அசதியைப் பத்தி ஒரு பக்கம் எழுதுற பத்திரிகைங்க, அதைப் போல பல மடங்கு சுவாசிக்கிற இந்தப் பசங்களைப் பத்தி எப்பவாவது எழுதுனா நல்லாயிருக்கும்.

ஆனா தின்னரோட ஒரு நல்ல குணம், காத்து ஓடுற வீடா இருந்தா சில வாரத்துல பெரும்பகுதி போயிடும். போர்டு பசை மாதிரி இழுத்தடிக்காது. அப்ப இவ்வளவு பேரு ஏன் கஷ்டப்படுறாங்கன்னா, நாம விடுறதே இல்ல சார். நம்ம ஊரு கணக்கைப் பாருங்க. ஆனி ஆடியில கிரகப்பிரவேசம் வைக்க மாட்டோம், அதனால வைகாசி முடியறதுக்குள்ள பால் காய்ச்சணும்னு ஓனர் நெருக்குவார், வாடகை வீட்டுக்காரர் ஒரு பக்கம் காலி பண்ணச் சொல்லுவார், பேங்க்ல இஎம்ஐ ஓட ஆரம்பிச்சிருக்கும், பசங்களுக்கு ஸ்கூல் திறக்கப் போகுது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் பாலிஷ்காரன் உள்ள இருப்பான், விடியக்காலை கோ பூஜை, ஹோமப் புகை, அன்னிக்கு ராத்திரியே அங்க படுக்கை. அதுவும் எப்போ, அக்னி நட்சத்திர வெயில்ல, மாடி காங்கிரீட் பகல்ல வாங்குன சூட்டை ராத்திரி முழுக்க கீழ கக்குற நேரத்துல. சூட்டுக்குத்தான் போர்டுல இருந்து வாயு அதிகமா வரும்னு மேல சொன்னேன்ல. அந்தச் சூடு தாங்காம ஜன்னலை இறுக்கி மூடி ஏசியைப் போட்டுக்குவோம். இதை விட மோசமா திட்டம் போட்டு செய்யணும்னாலும் செய்ய முடியாது.

ஏசியைப் பத்தி ஒண்ணு சொல்லணும், நிறைய படிச்சவங்களே தப்பா நினைச்சுக்கிட்டிருக்காங்க. நம்ம வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிய இருக்குற காத்தை உள்ள கொண்டு வராது, உள்ள இருக்குறதையே இழுத்துக் குளிர வெச்சு திரும்ப விடுது, அவ்வளவுதான். குழாய் மட்டும்தான் வெளிய போகுது. அப்ப மூடுன ரூம்ல நாலு பேரு மூச்சு விட்டா அந்த கரியமில வாயுவும் அங்கயேதான் கிடக்கும், போர்டு வாயுவும் அங்கயேதான் கிடக்கும். வெளிக்காத்துல கரியமில வாயு இப்ப பத்து லட்சத்துல சுமார் 420 பங்கு. டென்மார்க்ல காலேஜ் ஹாஸ்டல் ரூம்கள்ல இதை அளந்து 2016ல வெளியிட்டாங்க, ஜன்னல் மூடுன ரூம்ல அது 2,400க்கு பக்கத்துலயும் அதுக்கு மேலயும் போயிருக்கு, ஜன்னலைத் திறந்தோ ஃபேன் வெச்சோ காத்து விட்டப்ப 900க்குக் கீழ இருந்திருக்கு, அப்படித் தூங்குன பிள்ளைங்க மறுநாள் தூக்கக் கலக்கம் குறைஞ்சு கவனமாவும் இருந்திருக்காங்க. நம்ம ஊர்ல ஒரு சின்ன பெட்ரூம்ல அப்பா அம்மா ரெண்டு பிள்ளைங்கன்னு படுக்குறோம், ஏசி அந்த ஒரு ரூம்லதான் இருக்குன்னு பாட்டியும் அங்கயே வந்து படுக்கும். அசதி வராம என்ன செய்யும்.

இது பணக்கார நாட்டு வியாதி, நமக்கு வராதுன்னு சொல்றவங்க அங்க நடந்த மூணு விஷயத்தைக் கேட்டுட்டு நம்ம வெயிலையும் சேர்த்துப் பாருங்க. 1970கள்ல எண்ணெய் தட்டுப்பாடு வந்தப்ப அமெரிக்காவுல கரண்டு மிச்சம் பிடிக்குறோம்னு கட்டிடத்துக்குள்ள விடுற வெளிக்காத்தை ஆளுக்கு நிமிஷத்துக்கு 15 கன அடியிலேர்ந்து 5 கன அடியா குறைச்சாங்க. அப்புறம் ஆஃபீஸ் ஆஃபீஸா தலைவலி, அசதி, கண் எரிச்சல்னு புகார் வர ஆரம்பிச்சு, 1980கள்ல உலக சுகாதார நிறுவனமே அதை ஒரு தனிப் பிரச்சனையா எடுத்துப் பேசுச்சு. இன்னொண்ணு, 2005ல கத்ரினா புயல்ல வீடு போனவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் டிரெய்லர் வீடு குடுத்துச்சு, உள்ள முழுக்க போர்டு, சின்ன இடம், மூடுன ஜன்னல். மூச்சுத் திணறல், கண் எரிச்சல், தலைவலின்னு ஜனங்க கத்திக் கத்தி, கடைசியில 2007 டிசம்பர், 2008 ஜனவரியில 519 வீட்டுல அளந்தாங்க, ஃபார்மால்டிஹைடு நூறு கோடி பங்கு காத்துக்கு சராசரி 77 பங்கு, கணக்கை மாத்திப் பார்த்தா நான் மேல சொன்ன 0.1 மில்லிகிராம் அளவுக்கு ஒரு மயிரிழை கீழ. அது சராசரி, பல வீட்டுல அதை விட எவ்வளவோ மேல. அதுவும் குளிர்காலத்துல எடுத்தது, வெயில் வந்தா இன்னும் ஏறும், அதுக்குள்ள ஜனங்களை வெளிய கொண்டு வாங்கன்னு அவங்க நோய்த் தடுப்பு மையமே சொல்லுச்சு. அவங்க குளிர்காலமே அப்படின்னா நம்ம வைகாசியை நினைச்சுப் பாருங்க. ஜப்பான்ல இதே தொல்லை வந்து 2003 ஜூலையில கட்டிடச் சட்டத்தையே மாத்திட்டாங்க, எந்த போர்டை எவ்வளவு போடலாம்னு கணக்கு, வீட்டுக் காத்துல பாதியாவது மணிக்கொரு தரம் மாறுற மாதிரி எப்பவும் ஓடுற ஃபேன் கட்டாயம், கரையானுக்கு அடிக்கிற குளோர்பைரிபாஸை வீட்டுல போடவே கூடாதுன்னு தடை. நம்ம ஊருல அஸ்திவாரத்துல ஆன்டி டெர்மைட்டுன்னு அதைத்தானே காலகாலமா ஊத்துறோம், மண்ணுக்குள்ள அடிக்கிறது ஒரு கணக்கு, குடி இருக்குற ரூம்ல வார்ட்ரோப்புக்குப் பின்னாடி ஸ்ப்ரே பண்றது வேற கணக்கு, ரெண்டாவதை யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

இதெல்லாம் சொல்லிட்டு, எல்லா அசதியையும் போர்டு தலையில கட்டவும் கூடாது. அந்தம்மா கேள்வியிலயே துப்பு இருந்துச்சு, ஊருக்குப் போனா சரியாகுது, வீட்டுல ரெண்டு பேருக்குமே இருக்கு, கண்ணும் எரியுது. அப்படி இருந்தா வீட்டைச் சந்தேகப்படலாம். ஒருத்தருக்கு மட்டும் இருக்கு, எங்க போனாலும் இருக்குன்னா அது வீடு இல்ல, போய் ரத்தம் டெஸ்ட் எடுங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், இந்த மூணையும் பார்க்காம அசதிக்குக் காரணம் தேடுறது வீண், தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பொண்ணுங்கள்ல பாதிக்கும் மேல ரத்த சோகைன்னு 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்லுது. அப்புறம் வீடு கட்டி முடிச்ச குடும்பத்துக்கு அசதி இல்லாம எப்படி இருக்கும், ஒரு வருஷமா மேஸ்திரியோட மல்லுக்கட்டி, நகையை அடகு வெச்சு, தூக்கம் கெட்டு, சாமான் இறக்கி ஏத்தி, கடைசியில மூணு மாடி படிக்கட்டு. மேல் மாடி வீடா இருந்தா வெறும் சூடே போதும், மாடியில ஒழுங்கா தட்டோடு போடலன்னா, வெள்ளைப் பெயிண்ட்டாவது அடிக்கலன்னா அந்த ரூம்ல யாருக்கும் நல்ல தூக்கம் வராது.

வாசத்தைப் போக்குறேன்னு சிலர் செய்யுற வேலையைப் பார்த்தா சிரிப்பும் வருது பயமாவும் இருக்கு. பெயிண்ட் வாடை அடிக்குதுன்னு ரூமை மூடி சாம்பிராணி போடுவாங்க, ஊதுபத்தி ஏத்துவாங்க, ரூம் ஸ்பிரே அடிப்பாங்க. புகையிலயும் ஃபார்மால்டிஹைடு இருக்கு சார், வாடையை வாடையால மூடுனா ரெண்டும் சேர்ந்து உள்ள போகும். ஸ்னேக் பிளான்ட் வெச்சா காத்து சுத்தமாகும்னு நாசா சொல்லிடுச்சுன்னு நர்சரியில விக்கிறாங்க, அந்த ஆராய்ச்சி 1989ல மூடுன பெட்டிக்குள்ள செடியை வெச்சுச் செஞ்சது, வீட்டுல அந்தப் பலன் வேணும்னா ஒரு சதுர மீட்டருக்கு பத்துலேர்ந்து ஆயிரம் செடி வரைக்கும் வைக்கணும்னு 2019ல கணக்குப் போட்டு சொல்லிட்டாங்க, அப்புறம் நாம எங்க படுக்குறது. ஏர் பியூரிஃபையர் வாங்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, அதுக்கு கரி ஃபில்டர் கனமா இருக்கணும். ஆன்லைன்ல விக்குற, காத்தை அளக்குற சின்ன மீட்டரை நம்பி பயந்தும் போகாதீங்க, தைரியமாவும் இருக்காதீங்க, பக்கத்துல சென்ட் அடிச்சாலே நம்பர் எகிறும்.

செய்ய வேண்டியது சுலபம். பால் காய்ச்சுற முகூர்த்தத்தை யாரும் மாத்தச் சொல்லல, பால் காய்ச்சிட்டு ஒரு ராத்திரி ஹால்ல ஜன்னலைத் திறந்து போட்டு படுத்துட்டு வந்துடுங்க, சாமான் ஏத்துறதை நாலஞ்சு வாரம் தள்ளுங்க. அதுவரைக்கும் வார்ட்ரோப் கதவு, டிராயர், லாஃப்ட் எல்லாம் திறந்து கிடக்கட்டும், எதிரெதிர் ஜன்னல் திறந்து ஃபேன் ஓடட்டும், கரண்டு பில்லு பார்க்காதீங்க. குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவங்க இருக்குற வீடுன்னா இதுல சமரசமே வேண்டாம். ஏற்கனவே குடி வந்துட்டவங்க ஏசி போட்டாலும் ஒரு ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வைங்க, பச்சையா விட்ட போர்டு ஓரத்தையும் முதுகையும் ஆசாரியைக் கூப்பிட்டு சீல் பண்ணச் சொல்லுங்க, செலவு பெருசா வராது. இனிமே வேலை குடுக்கப் போறவங்க போர்டு வாங்கும்போது ஈ-0, ஈ-1 இருக்கான்னு கேளுங்க, வாயு எவ்வளவு வருதுங்கிற தரம் அது. ஐஎஸ் 710 போட்ட, கொதிக்கிற தண்ணியும் தாங்குற பிடபிள்யூபி ப்ளை வாங்குனா அதுல இருக்குறது ஃபீனால் பசை, எம்ஆர் கிரேடுங்கிற சாதா ப்ளையை விட வாயு குறைச்சல், விலை கூடத்தான். பெட்ரூம்ல மட்டுமாவது அதைப் போடுங்க, டிவி யூனிட்டுக்கு எம்ஆர் போட்டுக்கலாம். கடைக்காரர் ஈ-1ஆ, அப்படின்னா என்னன்னு கேட்டார்னா வேற கடை பாருங்க.

அரசாங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கு. தேசியக் கட்டிட விதித்தொகுப்புல நம்ம மாதிரி புழுக்கமான ஊருக்கு ரூம் தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு ஜன்னல் திறப்பு இருக்கணும்னு இருக்கு. கட்டி முடிச்சதும் பார்த்தா அந்த ஜன்னல்ல பாதியை வார்ட்ரோப் அடைச்சிருக்கும், மீதியில ஏசி அவுட்டோர் யூனிட் நிக்கும். பக்கவாட்டு இடைவெளியை டேப் வெச்சு அளக்குற அதிகாரிங்க உள்ள காத்து வருதான்னு ஒரு தடவை பார்த்தா என்ன.

கடைசியா ஒண்ணு, இது அசதியோட நிக்காத விஷயம். புது வீட்டுல பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்து, குளிச்சிட்டு வரும்போது தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, கால் துவளுதுன்னா அது பெயிண்ட்டும் இல்ல போர்டும் இல்ல, கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, கதவைச் சாத்தின பாத்ரூம்ல குளிக்கப் போனவங்க செத்துக் கிடந்த செய்தி உங்க பேப்பர்லயே எத்தனை தடவை வந்திருக்கு. கீசரை வெளிப்பக்கம் மாத்துற வரைக்கும் அதைப் போடவே போடாதீங்க, மயக்கம் வந்தவங்களை உடனே வெளிக்காத்துக்குக் கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. கடிதம் நீளமாப் போச்சுன்னு தெரியும், இடம் இல்லன்னா மத்ததை வெட்டிட்டு இந்தப் பத்தியை மட்டுமாவது வர்ற சனிக்கிழமை அந்தம்மா கண்ணுல படுற மாதிரி போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், திருச்சி